ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை செங்கல்?

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. அன்றிலிருந்து ஒரே கேள்வியை இரண்டு தரப்பிலிருந்தும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு தரப்புக்கு இது இலவசம், சோம்பேறிகளை உருவாக்கும் வேலை. 2022இல் பிரதமர் ‘ரேவடி’ என்று இனிப்புப் பண்டத்தின் பெயரால் நலத்திட்டங்களைக் கேலி செய்தாரே, அந்தத் தரப்பு. இன்னொன்று நம்முடைய தரப்பு. “ஆயிரம் ரூபாயில் என்ன தோழர் ஆகிவிடும்? நிலம் கொடு, வேலை கொடு என்று கேட்க வேண்டிய இடத்தில் சில்லறையைக் கொடுத்து வாயை அடைக்கிறார்கள்” என்று சொல்லும் தரப்பு. இரண்டும் எதிரெதிர் நோக்கத்திலிருந்து வந்தாலும், அந்த ஆயிரத்தை வாங்குகிற பெண் அதை என்ன செய்கிறாள் என்று பார்க்காமலே பேசுவதில் ஒன்றுதான்.

என் முனைவர் பட்ட ஆய்வு கிராமப்புறப் பெண்களின் கடன் பற்றியது. அதற்காகக் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் சில காலனிகளுக்கு மூன்று ஆண்டுகளாகப் போய் வருகிறேன். கடன் எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டால் மருத்துவம், படிப்பு, கல்யாணம் என்று பதில் வரும் என்பது எதிர்பார்த்ததே. எதிர்பார்க்காத அளவுக்கு வந்த பதில் வீடு. புது வீடு என்றுகூட இல்லை. ஒரு சுவர், ஒரு கதவு, ஒரு குளியலறை. அந்தக் கணக்கில் உரிமைத் தொகை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலில் செங்கல் கணக்கு. எங்கள் பக்கம் ஒரு செங்கல் இறக்குக்கூலியோடு பத்து ரூபாயை ஒட்டி வருகிறது. ஆயிரம் ரூபாய்க்கு நூறு செங்கல். பத்துக்குப் பத்து அடியில், ஒன்பது அங்குலக் கனத்தில் ஒரு சுவர் எழுப்ப ஏறத்தாழ ஆயிரம் செங்கல் வேண்டும். அதாவது பத்து மாத உரிமைத் தொகை ஒரு சுவரின் செங்கல். சிமெண்ட், மணல், கூலி தனி. இன்னொரு வகையில் சொன்னால், ஒரு மாதத் தொகை ஒரு கொத்தனாரின் ஒருநாள் கூலிக்குச் சரியாக இருக்கும். கூட நிற்கும் சித்தாளுக்குக் கொடுக்கப் போதாது. அந்தச் சித்தாள் பெரும்பாலும் இதே காலனிப் பெண்தான் என்பது வேறு கதை.

இப்படிப் பார்த்தால் “என்ன ஆகிவிடும்” என்ற கேள்வி நியாயமாகத்தான் தெரியும். ஆனால் யாரும் மாதாமாதம் நூறு செங்கல் வாங்கி அடுக்குவதில்லை. சிறு பணத்தைப் பெரும் பணமாக மாற்றுவது எப்படி என்பது காலனிப் பெண்களுக்கு அரசு சொல்லித்தர வேண்டிய பாடமல்ல. சீட்டு இருக்கிறது.

ஒரு அக்காவின் வீட்டைச் சொல்கிறேன். மாமியாருக்கு 1990களில் கொடுத்த தொகுப்பு வீடு முன்னால். அதன் பின்புறம் கீற்றுக் கொட்டகையில் இவரும் கணவரும் இரண்டு பெண் பிள்ளைகளும். கணவர் பெங்களூருவில் சென்ட்ரிங் வேலை. அடுத்தவர் வீட்டுக்கெல்லாம் தளம் போடுகிறவர். உரிமைத் தொகை வந்த முதல் மாதமே இவர் இருபது பேர் சேர்ந்த இருபதாயிரம் ரூபாய்க் குலுக்குச் சீட்டில் சேர்ந்துவிட்டார். மாதம் ஆயிரம், இருபது மாதம். “மின்னாடியெல்லாம் சீட்டுக்குக் கூப்புட்டா பயமா இருக்கும்மா. ஒரு மாசம் கட்ட முடியலன்னா தெருவுல மானம் போயிடும். இப்ப பதினஞ்சாந் தேதி ஆனா பணம் ஏறிடும்னு தெரியுது, அந்தத் தைரியந்தான்” என்றார். ஏழாவது மாதம் குலுக்கலில் அவர் பெயர் வந்தது.

இருபதாயிரத்தை வைத்து அவர் முதலில் கட்டியது வீட்டை அல்ல. கொல்லைப்புறத்தில் ஐந்துக்கு ஐந்து அடியில், ஹாலோ பிளாக் வைத்து, உள்தாழ்ப்பாள் போட்ட தகரக் கதவோடு ஒரு குளியலறை. மூத்த பெண் எட்டாவது படிக்கிறாள். புடவையைச் சுற்றிக் கட்டிய மறைப்பில் அவள் குளிப்பதை அம்மாவால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மீதிப் பணத்தில் செங்கல். பிறகு சுயஉதவிக் குழு வழியாக ஐம்பதாயிரம் கடன். ஊருக்கு வந்தபோதெல்லாம் கணவர் தானே கடைக்கால் தோண்டினார். அவரோடு வேலை செய்கிறவர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து கை கொடுத்தார்கள். சாப்பாடு மட்டும் செலவு. ஒன்றரை ஆண்டில் சுவர் லிண்டல் மட்டத்தைத் தொட்டது. அதற்கு மேலும் எழுப்பி, இப்போது தலைக்கு மேலே சிமெண்ட் ஷீட். தூணில் கம்பியை வெட்டாமல் வானத்தைப் பார்க்க விட்டுவைத்திருக்கிறார்கள், என்றைக்காவது தளம் போடலாம் என்று.

நான் போய்ப் பேசிய வீடுகளில் இந்த வரிசை திரும்பத் திரும்ப வந்தது. பெண்ணின் கைப்பணம் என்றால் முதலில் குளியலறை அல்லது கழிப்பறை, பிறகு தாழ்ப்பாள் உள்ள கதவு, பிறகு அடுப்பு மேடை, பிறகு தரை. முகப்பு, பெயிண்ட், கிரில் எல்லாம் ஆண்கள் வெளியூரிலிருந்து பணம் அனுப்பும்போது வருகிறவை. இதை ஒரு விதி என்று சொல்லமாட்டேன், விதிவிலக்குகளையும் பார்த்தேன். கடைசி மகனின் பைக் தவணைக்கு உரிமைத் தொகை மொத்தமும் போகிற வீடும் உண்டு.

வெளியிலும் இதற்குச் சான்று இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் 2011–12இல் சேவா அமைப்பு யுனிசெஃப் நிதியுதவியோடு சில கிராமங்களில் எல்லோருக்கும், ஒரு பழங்குடிக் கிராமத்தையும் சேர்த்து, மாதாமாதம் பணம் கொடுத்துப் பார்த்தது. தொடக்கத்தில் பெரியவர்களுக்கு 200 ரூபாய், குழந்தைகளுக்கு 100. பிறகு 300, 150. நிபந்தனை எதுவும் கிடையாது. குடித்துத் தீர்ப்பார்கள் என்று ஆரூடம் சொன்னவர்களுக்கு மாறாக, சுவர், கூரை, கழிப்பறை ஆகியவற்றைச் சரிசெய்துகொண்ட குடும்பங்கள் நிறைய. கென்யாவின் மேற்குப் பகுதியில், ஏறத்தாழ அதே காலத்தில், ஹௌஸ்ஹோஃபர், ஷாபிரோ என்ற இரு பொருளியலாளர்கள் நடத்திய ஆய்வு இன்னும் நெருக்கமானது. ஓலைக் கூரை வீடுகளில் இருந்த குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தார்கள். சிலருக்கு மாதாமாதம், சிலருக்கு மொத்தமாக. பலர் ஓலையை மாற்றித் தகரக் கூரை போட்டார்கள். மாதாமாதம் வாங்கியவர்களிடம் சாப்பாட்டு நிலை மேம்பட்டது. மொத்தமாக வாங்கியவர்களிடம் நீடித்து உழைக்கும் பொருட்கள் சேர்ந்தன.

இது நம் ஊர் அக்காக்கள் படிக்காமலே அறிந்த முடிவு. மாதப் பணம் வயிற்றுக்குள் போய்விடும், மொத்தப் பணம்தான் சுவராகும். ஆகவேதான் சீட்டு. அரசு மாதாமாதம் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பதை அவர்கள் தெருவுக்குள்ளேயே சுற்றவிட்டு, முறைவைத்து மொத்தமாக எடுத்துக்கொள்கிறார்கள். தகரக் கூரைக்குக் கென்யக் குடும்பங்கள் சொன்ன காரணமும் நமக்குப் புதிதில்லை: ஓலையை அடிக்கடி மாற்ற ஆகும் செலவு மிச்சம். தென்னங்கீற்று வேய்ந்த வீட்டில் பிறந்த எவருக்கும் ஐப்பசிக்கு முன் கீற்றுக்குப் பணம் புரட்டும் அவதி தெரியும். ஏழ்மை மலிவானது என்று நினைப்பவர்கள் ஒரு கீற்று வீட்டைப் பத்து வருடம் பராமரித்துப் பார்க்கட்டும்.

ஆனால் இதை வெறும் பொருளாதாரமாகப் பேசிவிட்டுப் போனால் இந்தத் தளத்தில் எழுத வேண்டிய அவசியமே இல்லை. சேரியில் சுவர் எழும்புவது எந்தக் காலத்திலும் வெறும் கட்டுமானமாக இருந்ததில்லை.

தீண்டப்படாதோர் செய்தால் குற்றமாகக் கருதப்பட்டவற்றை அண்ணல் அம்பேத்கர் ஓரிடத்தில் பட்டியலிட்டிருக்கிறார். ஓட்டுக் கூரை வீடு கட்டுவது அதில் ஒன்று. வெள்ளை உடுத்துவது, நகை போடுவது, குதிரையிலோ பல்லக்கிலோ போவது ஆகியவற்றோடு கூரையும் வருகிறது. 1930இல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர் மீது கள்ளர்கள் விதித்த எட்டுத் தடைகளில் ஒன்று, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறெதையும் புழங்கக் கூடாது என்பது. அடுப்படிக்குள் எந்தப் பானை இருக்கலாம் என்பதுவரை சாதி எட்டிப் பார்த்தது. கூலியைக் குறைவாகக் கொடுத்தால் மட்டும் போதாது. மிச்சம் பிடித்து உயர்ந்துவிட்டால் அதைக் கண்ணில் படாமல் செய்ய வேண்டும் என்பதுதான் இந்தத் தடைகளின் உள்ளடக்கம்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது ஒரு குடிசைக்குள். கூலி உயர்வு கேட்ட மக்கள் ஒளிந்துகொள்ள அந்தத் தெருவில் தீப்பிடிக்காத ஒரு கூரை இல்லை. தெற்கே வந்தால் 1995 ஆகஸ்ட் 31, கொடியன்குளம். வளைகுடா நாடுகளில் உழைத்த பணத்தில் கொஞ்சம் நிமிர்ந்த ஊர். அங்கே நுழைந்த காவல்துறை அடித்து நொறுக்கியவை தொலைக்காட்சி, மின்விசிறி, தையல் இயந்திரம். கிழித்தும் எரித்தும் போட்டவை சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்து இரண்டு காலனிகளிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. ஒரு காதல் திருமணம் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் பெங்களூருவில் கட்டட வேலை செய்து சேர்த்த பணத்தில் எழுந்த வீடுகளும், உள்ளே இருந்த பீரோவும், வாசலில் நின்ற வண்டியும் குறிவைக்கப்பட்ட விதம் வேறொன்றைச் சொன்னது. கீழ்வெண்மணியில் கூலி கேட்டது குற்றமானது. கொடியன்குளத்திலும் தருமபுரியிலும் கூலியை வீடாக மாற்றியது குற்றமானது.

ஆகவே ஒரு தலித் பெண் தன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து, பண்ணையாரிடமோ மேஸ்திரியிடமோ முன்பணம் வாங்காமல், எடுத்துச் செய்கிற செலவுக்கு ஒரு அரசியல் மதிப்பு இருக்கிறது. ஆயிரம் ரூபாய் சின்னத் தொகைதான். ஆனால் அது கைகட்டி நிற்காமல் வருகிறது. வயலில் களையெடுக்க இந்த வாரம் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்பதோடு அதற்குத் தொடர்பில்லை. நூறு நாள் வேலை வந்தபோது நிலவுடைமைச் சாதிகள் எரிச்சலடைந்தது எதற்காகவோ, அதே காரணத்துக்காகத்தான் இந்த ஆயிரத்தின் மேலும் எரிச்சல். “வேலைக்கு ஆளே கிடைக்க மாட்டேங்குது” என்ற புலம்பலை மொழிபெயர்த்தால், சொன்ன கூலிக்கு வந்து நிற்க ஆள் இல்லை என்று அர்த்தம்.

அரசு வீடே கட்டித்தருகிறதே, பெண்கள் ஏன் சீட்டுப் போட்டுச் சுவர் எழுப்ப வேண்டும் என்று கேட்கலாம். கட்டித்தருகிறது, உண்மை. தமிழ்நாட்டில் தாட்கோ 1974இல் தொடங்கப்பட்டது, மத்திய அரசின் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 1985இல் வந்தது. சேரிகளில் இன்று நிற்கும் தொகுப்பு வீடுகளில் பல இத்தகைய திட்டங்களின் பிள்ளைகள். ஒரு அறை, ஒரு திண்ணை, தலைக்கு மேல் கை உயர்த்தினால் தொடுகிற மாதிரி தளம். ஒப்பந்தக்காரர் சிமெண்டைப் பார்த்துப் பார்த்துப் போட்டதில், இருபது வருடத்தில் கம்பி துருவேறித் தளத்திலிருந்து காரை பெயர்ந்து பாயில் விழும். மழைக்காலத்தில் அந்த வீட்டை விட்டுத் தாழ்வாரத்தில் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2001க்கு முன் கட்டிப் பழுதான அரசு வீடுகளை மறுபடி கட்டித்தர 2025–26 வரவு செலவுத் திட்டத்தில் ஒரு திட்டம் வந்திருக்கிறது, அந்த ஆண்டுக்கு 25,000 வீடுகள். தேவையான திட்டம். தொகுப்பு வீடுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது என்றும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

அந்த வீடுகளைக் கட்டியபோது உள்ளே இருக்கப்போகிற பெண்ணிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அடுப்பு எந்தப் பக்கம், குளிக்க எங்கே போவது, மகள் உடை மாற்ற எங்கே நிற்பாள் என்று கேட்டிருந்தால் அந்த ஒற்றை அறை அப்படி இருந்திருக்காது. அவளே கட்டும்போது முதலில் குளியலறை வருகிறது என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போதைய பெரிய திட்டம் கலைஞரின் கனவு இல்லம். 2030க்குள் எட்டு லட்சம் வீடுகள், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் தளம். முந்தைய திட்டங்களோடு ஒப்பிட்டால் தொகையும் அளவும் மதிக்கத்தக்கவை, குடும்பமே கட்டிக்கொள்கிறது என்பதும் நல்லது. சிக்கல் பணம் வரும் முறையில். கட்டுமானம் ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டிய பிறகு, பார்வையிட்டு, தவணையாகத் தொகை வருகிறது. அதுவரை கையிலிருந்து போட வேண்டும். கையில் எங்கே இருக்கிறது? மைக்ரோ ஃபைனான்ஸ்காரர் பைக்கில் வருகிறார். வாரத் தவணையைக் கட்ட உரிமைத் தொகை போகிறது. இலவசம் என்று வெளியில் சொல்லப்படுகிற பணம், நான் பார்த்த சில வீடுகளில், தனியார் நிறுவனத்தின் வட்டியாகத்தான் போய்ச் சேர்கிறது. கட்டாய வசூலுக்கு எதிராக 2025இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. சட்டம் வந்த பிறகும் தவணைக்காரர் வந்தால் பின்கதவு வழியாக வெளியே போகும் பெண்களைப் பார்த்தேன். பின்கதவே இல்லாத வீடுகளில் அதுவும் முடியாது.

இதைவிட மோசமானது தகுதிக் கணக்கு. ஊரகப் பகுதிகளுக்கான பிரதமர் வீட்டுத் திட்டம் 2011 சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பை அடிப்படையாக வைத்து, கச்சா சுவரும் கச்சா கூரையும் கொண்ட, இரண்டு அறைக்கு மேற்படாத வீடுகளைத்தான் பட்டியலில் சேர்த்தது. ஃபிரிட்ஜ் இருந்தாலோ பைக் இருந்தாலோ தகுதி போச்சு. இவற்றை 2024இல்தான் தளர்த்தினார்கள். மாநிலத் திட்டமும் குடிசையில் இருப்பவர்களைத்தான் முதலில் தேடுகிறது. நோக்கம் புரிகிறது, மிக ஏழைக்கு முதலில். ஆனால் சீட்டு எடுத்து, கல் சுமந்து, பாதிச் சுவர் எழுப்பிய பெண்ணின் நிலை என்ன? அவள் இப்போது குடிசைக்காரி இல்லை. கல்வீட்டுக்காரியும் இல்லை. கணக்கெடுக்க வருகிறவர் ஹாலோ பிளாக் சுவரைப் பார்த்ததும் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். “சும்மா கீத்துக் கொட்டாயிலயே கெடந்திருந்தா பேரு வந்திருக்கும்” என்று ஒரு பெரியம்மா சொன்னார். அவர் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, கடுப்பில் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறவரைத் தண்டித்து, கட்டாமல் காத்திருப்பவருக்குப் பரிசளிக்கும் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. சோம்பேறித்தனத்தைப் பற்றிக் கவலைப்படும் தொலைக்காட்சி அறிஞர்கள் இதைப் பேசலாம்.

கட்டுமானத்தில் ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. கடைக்காலை இந்த வருடம் போட்டு, சுவரை அடுத்த வருடம் எழுப்பலாம். பூச்சு வேலையை மூன்று வருடம் கழித்து வைத்துக்கொள்ளலாம். தரையைக் கடைசியில் போடலாம். ஆனால் தளத்தை மட்டும் தவணையில் போட முடியாது. அது ஒரே நாளில், காலையில் ஆரம்பித்து இருட்டுவதற்குள், ஒரே மூச்சாகக் கொட்டி முடிக்க வேண்டியது. நேற்று பாதி இன்று பாதி என்றால் சேர்கிற இடத்தில் ஒழுகும். 300 சதுர அடிக்குக் கம்பி, சிமெண்ட், ஜல்லி, சென்ட்ரிங், கூலி எல்லாம் சேர்த்து லட்ச ரூபாயை நெருங்கிவிடும். இருபதாயிரம் ரூபாய்ச் சீட்டு அங்கே எட்டாது. மாதாமாதம் வரும் உதவித்தொகையால் ஒரு வீடு எதுவரை உயரும் என்று கேட்டால் என் பதில்: சுவரின் தலைவரை. காலனிகளில் நல்ல சுவர்களுக்கு மேல் சிமெண்ட் ஷீட் போட்ட வீடுகள் இவ்வளவு இருப்பதற்குக் காரணம் இதுதான். சித்திரை வெயிலில் மதியம் அந்த ஷீட்டுக்குக் கீழே ஒரு பிள்ளையால் உட்கார்ந்து படிக்க முடியாது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது தெளிவாக இருக்கிறது என்று நினைக்கிறேன். சுவர் எழுப்பியவர்களுக்குத் தளம். முழு வீட்டுத் தொகை வேண்டாம், குடிசைதானா என்ற பரிசோதனையும் வேண்டாம். சொந்த முயற்சியில் சுவர்வரை வந்த எஸ்சி, எஸ்டி குடும்பங்களுக்குத் தளத்துக்கான தொகையை, தளம் போடும் முன்பே, பெண்ணின் கணக்கில் மொத்தமாகக் கொடுப்பது. கூடவே அந்தக் கடைக்காலும் தூணும் தளத்தின் எடையைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல ஒன்றியப் பொறியாளர் ஒருவர் வர வேண்டும். உரிமைத் தொகையை விரும்புகிற பெண்களுக்கு இரண்டு ஆண்டுத் தொகையை, அதாவது 24,000 ரூபாயை, வட்டியில்லாமல் முன்கூட்டி எடுத்துக்கொள்ளும் வசதியையும் யோசிக்கலாம். சீட்டு செய்கிற வேலையைத்தான் கேட்கிறோம், குலுக்கலில் பெயர் வரும்வரை காத்திருக்காமல்.

தொகை கிடைக்காதவர்களையும் மறக்கக் கூடாது. தொடக்கத்தில் விண்ணப்பித்தவர்கள் சுமார் 1.63 கோடி, ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1.06 கோடி. பிறகு மேல்முறையீட்டில் சேர்த்தார்கள், இன்னும் சேர்க்கிறார்கள். முதல் மாதமே சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அந்த ஆயிரத்தில் கைவைத்தன, அரசு கண்டித்தது. உரிமை என்று பெயர் வைத்த பிறகு வருமான வரம்பு, மின்கட்டண யூனிட் என்று அலைய வைப்பது பெயருக்குப் பொருந்தவில்லை.

இப்போது நிலம். தொகையை எதிர்க்கும் நம் தோழர்கள் சொல்வதில் இந்த இடத்தில் முழு உண்மை இருக்கிறது. பணம் சுவராகும், மண்ணாகாது. கனவு இல்லமாகட்டும் பிரதமர் திட்டமாகட்டும், மனை இருந்தால்தான் வீடு. சேரியில் மனை என்பது மூன்று சென்ட் பட்டா, அதில் மாமனார், மூன்று மகன்கள், அவர்கள் குடும்பங்கள். பட்டா தாத்தா பெயரில் இருக்கும். அல்லது நிபந்தனைப் பட்டா, அடமானத்துக்கு வங்கி ஏற்காது. அல்லது காகிதம் கையில் இருக்கும், கிராமக் கணக்கில் ஏறியிருக்காது. அல்லது மனை எங்கே என்று அளந்து காட்டாமலே இருபது வருடம் போயிருக்கும். ஆதிதிராவிடர் வீட்டுமனைக்காக நிலம் எடுக்க 1978இல் தனிச் சட்டமே போட்ட மாநிலம் இது. ஒவ்வொரு முறையும் நில உரிமையாளர்கள் நீதிமன்றம் போய்த் தடை வாங்க, காலனி மட்டும் உள்ளுக்குள்ளேயே நெருக்கிக்கொண்டு போகிறது. ஒரு தலைமுறைக்கு மேல் கழித்து அந்தத் தெருவில் நடந்தால் இரண்டு பேர் எதிரெதிரே வர இடமில்லை.

பஞ்சமி நிலத்தை நினைக்காமல் இதைப் பேச முடியாது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை கொடுத்து, 1892இல் ஆணை வந்து, நமக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் இன்று யார் யார் கையில் எந்தெந்தக் கட்டடமாக நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்டதற்காக 1994 அக்டோபரில் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் சுடப்பட்டு இறந்தார்கள். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது, 1989இல் அது தமிழ்நாட்டில் சட்டமானது. மூன்று சென்ட்டில் பங்கு கேட்க எந்தத் தலித் மகளுக்கும் மனம் வராது. அண்ணன் தம்பிக்கே போதவில்லை. சட்டம் கொடுத்த சம பங்கை வாங்கிக்கொள்ளக் கீழே நிலம் வேண்டும்.

ஆகவே ‘பணமா, நிலமா’ என்று நம் கூட்டங்களில் நடக்கும் விவாதத்தில் எனக்குப் பிடிப்பில்லை. பணம் வந்த பிறகுதான் பட்டா கேட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு நடக்கிற பெண்களின் எண்ணிக்கை கூடியிருப்பதாக நான் போன காலனிகளில் எனக்குத் தோன்றுகிறது. சுவர் எழுப்பியவருக்குத்தான் அது யார் மண்ணில் நிற்கிறது என்ற பயம் வரும். பேருந்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மனு எழுதித்தர ஒரு கல்லூரிப் பெண் தெருவிலேயே இருக்கிறாள். இல்லாதது பதில்தான்.

இதைப் படிக்கிற தோழர்கள் அவரவர் ஊரில் அடுத்த கிராமசபைக்குப் போகும்போது மூன்று தகவல்களைக் கேட்டு வாங்குங்கள். நம் காலனியில் கொடுக்கப்பட்ட பட்டாக்களில் எத்தனை கிராமக் கணக்கில் ஏறியிருக்கின்றன, எத்தனை பெண்கள் பெயரில் இருக்கின்றன, வீட்டுப் பட்டியலிலிருந்து “கல்வீடு” என்று தள்ளப்பட்டவர்கள் யார் யார். வாய்மொழியாகச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம், தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய். ஒரு செங்கல் விலை.